எலக்ட்ரிக் குட்டியானை: எவ்வளவு ஏற்றலாம், எங்கே கவனம் வேண்டும்

டாடா ஏஸ் 2005-ல் வந்தபோது நம் ஊரில் அதற்கு ஒட்டிக்கொண்ட பெயர் குட்டியானை. அதன் பேட்டரி வண்டி 2022 மே மாதம் அறிமுகமானது. அடுத்து 2024-ல் ஒரு டன் ஏற்றும் ஏஸ் ஈ.வி. 1000 வந்தது, 2025 ஜூனில் உருவத்தில் சிறிய ஏஸ் ப்ரோ ஈ.வி. வந்தது. ஆக இன்று மூன்று வண்டிகள். எது நல்லது என்று கேட்பதற்கு முன் வாங்குபவர் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: ஒரு நடைக்கு உண்மையில் எத்தனை கிலோ ஏற்றுகிறோம்?

முதல் ஏஸ் ஈ.வி. ஏற்றக்கூடியது 600 கிலோ. ஏஸ் ப்ரோ ஈ.வி. 750 கிலோ, ஈ.வி. 1000 பெயரில் இருப்பது போலவே 1,000 கிலோ. இதைத் தொழிலுக்குப் பொருத்திப் பாருங்கள். நிரம்பிய வீட்டு சிலிண்டர் ஒன்று சுமார் 30 கிலோ. 600 கிலோ என்றால் இருபது சிலிண்டர், அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. 20 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்று கேனோடு சேர்த்து 21 கிலோவுக்குக் குறையாது, எனவே 28 கேன். இடமோ நிறைய மிச்சம் இருக்கும். மூடிய பெட்டி வைத்த ஏஸ் ஈ.வி.யில் 208 கன அடி உண்டு. கூரியர் பார்சல், பிரெட், சிப்ஸ், காலிப் பெட்டி, துணி மூட்டை போன்ற இடத்தை அடைத்தும் எடை குறைந்த சரக்குக்கு இது அருமையான வண்டி. சிமென்ட், டைல்ஸ், கம்பிக்கு முதல் மாடல் வேண்டவே வேண்டாம்.

டீசல் வண்டிக்காரர்கள் பலர் ஒரு டன்னுக்கு மேல் ஏற்றிப் பழகியவர்கள். ஸ்பிரிங் பட்டை கூடுதலாகப் போட்டுக்கொண்டால் போதும் என்ற எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. பேட்டரி வண்டியில் அது செல்லாது. எடை கூடினால் மோட்டார் அதிக கரன்ட் இழுக்கும், கரன்ட் கூடினால் மோட்டாரும் கன்ட்ரோலரும் பேட்டரியும் ஒன்றாகச் சூடேறும். சூடு எல்லையைத் தொட்டதும் கன்ட்ரோலர் தானாகவே பவரைக் குறைத்துவிடும். மேம்பாலம் ஏறும்போது வண்டி இழுக்கவில்லை என்று சொல்பவர்கள் முதலில் எடை மேடைக்குப் போவது நல்லது. பிரேக்கும் டயரும் அந்த 600 கிலோவுக்கு ஏற்பத்தான் அமைந்தவை என்பதை யாரும் மறக்கக் கூடாது. பட்டை வண்டியைத் தாங்கும், ஆனால் நிறுத்தித் தராது.

ஏஸ் ஈ.வி. முழு சார்ஜுக்கு 154 கி.மீ. என்பது சான்றிதழ்க் கணக்கு. ஈ.வி. 1000-க்கு 161, ஏஸ் ப்ரோவுக்கு 155. சான்று எண்ணை வைத்து வாடகை ஒப்புக்கொள்ளாதீர்கள். ஏஸ் ஈ.வி.யின் பேட்டரி 21.3 யூனிட். அதை 154-ஆல் வகுத்தால் கி.மீ.க்கு 138 வாட் மணி. முழு லோடு, நின்று நின்று போகும் தெரு, வெயில், காற்று குறைந்த டயர் எல்லாம் சேர்த்து 170 வாட் மணி என்று வையுங்கள். கடைசி 20 சதவீதத்தைத் தொடாமல் இருப்பாக விட்டால் கையில் நிற்பது 17 யூனிட், அதாவது 100 கி.மீ. அந்த 100-க்குள் முடிந்து இரவு ஷெட்டுக்குத் திரும்பும் வண்டிக்கு இது கவலையில்லாத வேலைக்காரன். "மதுரைக்கு ஒரு லோடு அடிக்க வேண்டும்" என்று இரவு பத்து மணிக்கு போன் வரும் தொழிலுக்கு டீசலே இருக்கட்டும். வேக சார்ஜிங் 105 நிமிடம் என்கிறது கம்பெனி. நாளுக்கு ஒரு முறை சாப்பாட்டு நேரத்தில் அது உதவும், அவ்வளவுதான்.

சார்ஜ் எத்தனை சதவீதம் என்று மீட்டர் காட்டும் எண்ணிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. இதன் பேட்டரி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை. இந்த வகையில் சார்ஜ் 80 இருந்தாலும் 40 இருந்தாலும் வோல்டேஜ் ஏறக்குறைய ஒன்றாகவே நிற்கும். அதனால் பேட்டரியைக் கவனிக்கும் சர்க்யூட் எத்தனை யூனிட் போனது, எத்தனை வந்தது என்று எண்ணித்தான் மீதியைச் சொல்கிறது. தினமும் 30-லிருந்து 80 வரை மட்டுமே ஏற்றினால் அந்த எண்ணிக்கையில் பிசகு சேர்ந்துகொண்டே போகும். பிறகு ஒரு நாள் 20 காட்டிய மீட்டர் சட்டென்று 8-க்கு இறங்கும், வண்டி நடுரோட்டில் தவிக்கும். வாரத்துக்கு ஒரு தடவை 100 வரை ஏற்றி, நிரம்பிய பிறகும் ஒரு மணி நேரம் பிளக்கிலேயே விடுங்கள். செல்கள் சமமாகும், எண்ணும் சரியாகும்.

பாதுகாப்பு என்றதும் எல்லோரும் பேட்டரி தீப்பிடிக்குமா என்றுதான் கேட்கிறார்கள். கார், சரக்கு வண்டி போன்ற மின் வாகனங்களின் பாதுகாப்புக்கான ஏஐஎஸ்-038 விதி 2022 டிசம்பரிலிருந்து இரண்டு கட்டமாகக் கடுமையாக்கப்பட்டது. பேட்டரிக்குள் ஒரு செல் கெட்டுச் சூடு பரவினால், கேபினுக்குள் ஆபத்து வருவதற்குக் குறைந்தது 5 நிமிடம் முன்னால் ஓட்டுநருக்கு எச்சரிக்கை வர வேண்டும் என்பது அதில் ஒரு நிபந்தனை. அயர்ன் பாஸ்பேட் வகை மற்ற லித்தியம் வகைகளைவிட அதிகச் சூடு தாங்கும். எச்சரிக்கை வந்தால் ஓரங்கட்டி இறங்கித் தள்ளி நின்று தீயணைப்புக்குச் சொல்லுங்கள். அணைந்தது போலத் தெரிந்தாலும் மறுபடி பற்றும், சரக்கை எடுக்கத் திரும்பிப் போகாதீர்கள்.

ஆனால் அன்றாட ஆபத்து சுவரில் இருக்கிறது. வண்டியின் 15 ஆம்பியர் சார்ஜர் சுமார் 3 கிலோவாட் இழுக்கும், அதாவது 13 ஆம்பியர், தொடர்ந்து ஏழு மணி நேரம். இஸ்திரிப் பெட்டியோ கீஸரோ இப்படி இழுப்பதில்லை, கொஞ்ச நேரத்தில் ஓய்ந்துவிடும். வீட்டு ஏ.சி. பாயின்டில் செருகினால் முதல் வாரம் ஒன்றும் தெரியாது. பிறகு சாக்கெட்டின் ஒரு துளையைச் சுற்றி மட்டும் பழுப்பு வளையம் தெரியும். உள்ளே ஸ்க்ரூ தளர்ந்து, ஒயர் நுனி கருகி, பிளக்கின் பித்தளைப் பின் கருத்துப் போயிருக்கும். அந்த நிலையில் சாக்கெட்டை மாற்றினால் போதாது, பிளக்கையும் சேர்த்து மாற்ற வேண்டும். கருகிய பழைய பிளக் புது சாக்கெட்டையும் கெடுக்கும்.

செய்ய வேண்டியது இதுதான். மீட்டர் போர்டிலிருந்து நேராக, வேறு எதற்கும் கிளை பிரியாமல், 4 சதுர மி.மீ. செம்பு ஒயர் இழுங்கள். முனையில் இரும்புப் பெட்டியில் வரும் இண்டஸ்ட்ரியல் சாக்கெட், அதற்கு முன்னால் ஒரு எம்.சி.பி. (கரன்ட் அளவு மீறினால் தானாக விழும் சுவிட்ச்), 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரன்ட் கசிந்தால் துண்டிக்கும் சுவிட்ச்). எர்த் குழி சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே சில வோல்ட்டுக்கு மேல் காட்டினால் சார்ஜ் ஏற மறுக்கும். "சார்ஜர் போச்சு" என்று சர்வீஸுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு முன் கோடையில் காய்ந்து கிடக்கும் எர்த் குழிக்கு இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஈ.பி.யில் அனுமதிக்கப்பட்ட லோடைக் கூட்டி எழுதி வாங்குவதும் அவசியம். சுருட்டி வைத்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது, சுருளுக்குள் சூடு வெளியேற வழியில்லை. செருகி அரை மணி கழித்து பிளக்கைத் தொட்டுப் பார்ப்பதைப் பழக்கமாக்குங்கள். வெதுவெதுப்பு சரி, விரல் வைக்க முடியவில்லை என்றால் உடனே எம்.சி.பி.யை இறக்குங்கள்.

ரோட்டில் இது டீசலைவிட இலகுவான வண்டி. கியர் இல்லை, கிளட்ச் இல்லை, நாள் முழுக்க நின்று நின்று போகும் ஓட்டுநரின் முழங்காலுக்கு இதைவிட நன்மை வேறில்லை. சத்தமும் இல்லை, அதுவேதான் ஆபத்தும். தெருவில் பின்னால் எடுக்கும்போது குழந்தைகளுக்குக் கேட்காது. ரிவர்ஸ் பீப் ஒலியை எரிச்சல் என்று அறுத்துப் போடுபவர்கள் செய்வது பெரிய தவறு. ஏஸ் ஈ.வி. மோட்டாரின் 130 நியூட்டன் மீட்டர் இழுவையும் மிதித்த நொடியே வந்துவிடும். கட்டாமல் அடுக்கிய கேன்கள் அப்படியே பின்கதவில் வந்து மோதும். கனமானதைக் கேபின் பக்கம் வையுங்கள், குறுக்காகக் கயிறு போடுங்கள்.

கேபினைப் பற்றி நேராகவே சொல்ல வேண்டும். ஏஸ் ப்ரோவின் கேபின் ஏஐஎஸ்-096 விதிப்படி மோதல் சோதனை முடித்தது என்கிறது டாடா. நேருக்கு நேர் மோதலில் ஸ்டீயரிங் ஓட்டுநரை எப்படித் தாக்குகிறது என்பதற்கான விதி அது. மோதல் பாதுகாப்பைச் சோதித்துக் கார்களுக்குத் தரும் பாரத் என்கேப் நட்சத்திரம் சரக்கு வண்டிகளுக்குக் கிடையாது. முன்னால் மூக்கு குட்டை, மோதினால் நசுங்க இடமும் குறைவு. ஆகவே இரண்டு தெரு தள்ளித்தான் போகிறோம் என்றாலும் பெல்ட் போடுங்கள், நெடுஞ்சாலையில் லாரிகளோடு போட்டி போடாதீர்கள்.

மலைப் பாதைக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. ஏஸ் ஈ.வி.க்கு 22 சதவீதச் சரிவு ஏறும் திறன் இருப்பதால் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவும் ஏறிவிடும். சிக்கல் இறங்கும்போதுதான். காலை எடுத்தால் மோட்டாரே ஜெனரேட்டராகி வண்டியைப் பிடித்துக் கரன்ட்டைப் பேட்டரிக்கு அனுப்பும். பேட்டரி நிரம்பியிருந்தால் அனுப்ப இடமில்லை, அந்தப் பிடிப்பும் கிடைக்காது. முழு பாரமும் பிரேக் ஷூ மேல் விழும். சுமார் 1.8 டன் எடையோடு 1,000 மீட்டர் இறங்கினால் வெளிப்படும் ஆற்றல் 5 யூனிட், இந்தப் பேட்டரியில் நாலில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. எனவே மேலே சார்ஜ் போட்டால் 80-ல் நிறுத்திக்கொண்டு இறங்குங்கள்.

மழைக்கு ஐபி 67 காப்பு உண்டு. அது சோதனைத் தொட்டியில் தேங்கிய நல்ல தண்ணீருக்கான அளவு, சாக்கடை கலந்த டிசம்பர் வெள்ளத்தில் ஓட்டச் சொல்லும் உரிமம் இல்லை. சக்கர அச்சு மட்டத்துக்கு மேல் தண்ணீர் இருந்தால் திரும்பிவிடுங்கள். மூழ்கிய வண்டியை சார்ஜில் போடாதீர்கள். கயிறு கட்டி இழுக்கவும் கூடாது, மோட்டாரும் பின்சக்கரமும் எப்போதும் இணைந்தே சுற்றும். பின்சக்கரத்தைத் தூக்கியோ, முழு வண்டியையும் ஏற்றியோதான் கொண்டுபோக வேண்டும்.

பாடி கட்டுபவர்களுக்குச் சொல்லாமல் விடக் கூடாதது: சேஸிஸில் வெல்டிங் வைக்கும் முன் 12 வோல்ட் பேட்டரியைக் கழற்றி, பெரிய பேட்டரியின் இணைப்பைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கைக் கம்பெனி ஆளை வைத்து எடுக்க வேண்டும். தளத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் டிரில் போடவே கூடாது, உயர் வோல்டேஜ் ஓடும் ஆரஞ்சு நிற ஒயரைத் தொடவும் கூடாது. ஸ்பீக்கரும் கலர் லைட்டும் மாட்ட 12 வோல்ட் ஒயரை அறுத்து ஒட்டுவதும் தவறு. அந்தச் சின்ன பேட்டரி இறங்கிவிட்டால், பெரிய பேட்டரி முழுதாக நிரம்பியிருந்தும் வண்டி உயிர் பெறாது.

பணக்கணக்கு. 2025 ஜூன் அறிமுக விலையில் ஏஸ் ப்ரோ ஈ.வி. 6.50 லட்சம், அதே வண்டி பெட்ரோலில் 3.99 லட்சம். யூனிட் 8 ரூபாய், பெட்ரோல் 101 ரூபாய், லிட்டருக்கு 18 கி.மீ. என்று வைத்தால் கி.மீ.க்கு 4 ரூபாய் மிச்சம். மாதம் 2,000 கி.மீ. ஓடினால் விலை வித்தியாசம் இரண்டரை முதல் மூன்று ஆண்டுக்குள் திரும்பும். மாதம் 800 கி.மீ. மட்டுமே ஓடும் வண்டிக்கு ஆறு ஆண்டு தாண்டும், அவர்கள் அவசரப்பட வேண்டாம். பேட்டரி சரக்கு வண்டிக்கு 2018-லிருந்து பர்மிட் தேவையில்லை என்பதையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் கேன், பால், பேக்கரி என்று தினமும் ஒரே பாதையில் போகிறவர்கள் ஏஸ் ப்ரோ ஈ.வி.யை வாங்கலாம். பெட்டி நிறையப் பார்சல் என்றால் ஏஸ் ஈ.வி. மண்டியிலிருந்து காய்கறி எடுப்பவர்கள் ஈ.வி. 1000-ஐத் தவிர வேறு எதையும் பார்க்க வேண்டாம். எதை எடுத்தாலும் முன்பணம் கட்டும் முன் உங்கள் சரக்கை ஏற்றி, உங்கள் பாதையில், ஒரு முழு நாள் ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். அன்று இரவு அந்த வண்டியை உங்கள் சாக்கெட்டிலேயே சார்ஜும் போட்டுப் பாருங்கள்.