ஒரே விளையாட்டா, பல விளையாட்டா: பிள்ளைக்கு எந்தப் பாதை?

ஆறேழு வயதுப் பிள்ளை ஒன்று பந்தைக் கொஞ்சம் நேர்த்தியாக அடித்துவிட்டால் போதும், "இதிலேயே விடுங்க, மற்றதெல்லாம் நேர விரயம்" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். பெற்றோருக்கும் பயம் தொற்றிக்கொள்கிறது, இப்போதே சேர்க்காவிட்டால் மற்ற பிள்ளைகள் முந்திவிடுவார்களோ என்று. பயத்தில் எடுக்கிற முடிவு என்பதால்தான் இரண்டு பாதைகளையும் நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒன்று, சின்ன வயதிலிருந்தே ஒரே விளையாட்டு, ஆண்டு முழுக்க. இன்னொன்று, 12, 13 வயதுவரை பலதும் ஆடிப் பார்த்துவிட்டு, அப்புறம் மெல்ல ஒன்றுக்கு வந்து சேர்வது.

முதல் பாதையின் பலம் சீக்கிரமே கண்ணுக்குத் தெரியும். தினமும் அதையே செய்கிற பிள்ளைக்கு நுட்பம் வேகமாகக் கைவருகிறது, சிறுவர் போட்டிகளில் கோப்பை வருகிறது, தேர்வாளர்களின் பார்வை படுகிறது. இதற்கு ஆதரவாக எல்லோரும் சொல்வது, பத்தாயிரம் மணி நேரம் பயிற்சி செய்தால் எதிலும் வல்லவராகலாம் என்கிற கணக்கு. அது 1993இல் உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்ஸனும் அவர் சகாக்களும் வயலின் மாணவர்களை வைத்துச் செய்த ஆய்விலிருந்து வந்தது. வளர்கிற முழங்காலையும் முதுகெலும்பையும் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

இரண்டாவது பாதையில் ஆரம்ப வருடங்கள் மந்தமாகத் தெரியும். பத்து வயதில் இந்தப் பிள்ளை தோற்கவும் செய்யும். ஆனால் 2021இல் விளையாட்டு ஆய்வாளர் அர்னே குலிச் குழுவினர், ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களைப் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது கிடைத்த விடை என்னை யோசிக்க வைத்தது. பெரியவர்கள் பிரிவில் உலகத் தரத்தைத் தொட்டவர்கள், அதற்குக் கொஞ்சம் கீழே நின்றுவிட்டவர்களைவிடச் சிறுவயதில் பல விளையாட்டுகளில் அதிகம் பயிற்சி எடுத்தவர்கள், தங்கள் முக்கிய விளையாட்டைத் தாமதமாகத் தொடங்கியவர்கள், ஆரம்பத்தில் மெதுவாக முன்னேறியவர்கள். ஜூனியர் மட்டத்தில் ஜொலித்தவர்களிடம் இது அப்படியே தலைகீழ். ஜூனியர் வெற்றியில் உடல் முதிர்ச்சிக்குப் பெரிய பங்கு உண்டு என்பது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்: ஒரே வயதுப் பிரிவில் சில மாதம் மூத்த பிள்ளையும், சீக்கிரம் வளர்ந்துவிட்ட பிள்ளையும் திறமைசாலிகளாகத் தெரிவார்கள், மற்றவர்களும் வளர்ந்ததும் அந்த இடைவெளி சுருங்கிவிடும்.

காயம் என்று வந்தால் முதல் பாதை நிச்சயமாகப் பின்தங்குகிறது. எலும்பின் முனைகளில் உள்ள வளர்ச்சித் தகடுகள் மூடாத வயதில் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தால், சுமை ஒரே இடத்தில் விழுகிறது: பேஸ்பாலில் பந்தெறிபவர்களுக்கு முழங்கை, கிரிக்கெட்டில் வேகப்பந்து வீசுபவர்களுக்குக் கீழ்முதுகு, ஜிம்னாஸ்டிக்ஸில் மணிக்கட்டு. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2016இல் வெளியிட்ட அறிக்கை, பெரும்பாலான விளையாட்டுகளில் 15, 16 வயதுவரை ஒன்றில் மட்டும் குவிவதைத் தள்ளிப்போடச் சொல்கிறது. தேர்ந்தெடுத்த விளையாட்டிலிருந்து வாரத்தில் ஒன்றிரண்டு நாளும், ஆண்டில் மொத்தம் மூன்று மாதமும் விலகியிருக்கவும் சொல்கிறது. விளையாட்டு மருத்துவர்கள் சொல்லும் இன்னொரு அளவுகோலும் எளியது: வாரப் பயிற்சி மணிநேரம் பிள்ளையின் வயதைத் தாண்டக் கூடாது. பத்து வயதென்றால் வாரம் பத்து மணி நேரம், அவ்வளவுதான்.

சரி, ஜிம்னாஸ்டிக்ஸ், டைவிங், ஃபிகர் ஸ்கேட்டிங்? இங்கே முதல் பாதைக்கு உண்மையிலேயே நியாயம் இருக்கிறது, இளம் வயதிலேயே உச்சத்துக்குப் போகிற விளையாட்டுகள் இவை. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஜிம்னாஸ்டிக்ஸில் முழுப் பத்து புள்ளி வாங்கியபோது நாடியா கொமனெச்சிக்கு வயது 14. ஆனால் இப்போது விதிகளே மாறிவிட்டன. பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸில் குறைந்தபட்ச வயது 1997இல் 16 ஆனது. ஃபிகர் ஸ்கேட்டிங்கில் சீனியர் பிரிவுக்கான வயதைப் படிப்படியாக 17 ஆக உயர்த்த 2022இல் முடிவெடுத்தார்கள். அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ் ஆறு வயதில் தொடங்கியவர், 2024 பாரிஸில் தனிநபர் ஒட்டுமொத்தத் தங்கம் வென்றபோது அவருக்கு 27. சீக்கிரம் தொடங்குவது வேறு, சீக்கிரமே மற்ற எல்லாவற்றையும் மூடிவிடுவது வேறு. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதில்தான் நிறைய பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள்.

மனச்சோர்வையும் விட்டுவிட முடியாது. ஜெனிஃபர் கேப்ரியாட்டி 14 வயது நிரம்பும் முன்பே 1990இல் தொழில்முறை டென்னிஸுக்கு வந்தார், 1992இல் ஒலிம்பிக் தங்கம், 1993க்குப் பிறகு களத்தையே விட்டு விலகல். 2001இல் ஆஸ்திரேலிய ஓப்பனை வென்று மீண்டது அவருடைய மன உறுதி, அந்தப் பாதைக்குக் கிடைத்த நற்சான்று அல்ல. ஆஷ்லி பார்ட்டி 2014இல் டென்னிஸிலிருந்து விலகிக் கொஞ்ச காலம் கிரிக்கெட் ஆடினார், தானாகத் திரும்பி வந்தார், 2021இல் விம்பிள்டன் வென்றார்.

பல விளையாட்டுப் பாதைக்கும் குறை உண்டு, அதைப் பேச ஆளில்லை. மூன்று விளையாட்டு, மூன்று கோச், ஒவ்வொருவருக்கும் தன்னுடையதுதான் முக்கியம், பிள்ளைக்கு ஓய்வு நாளே கிடையாது என்று ஆகிவிட்டால் அது முதல் பாதையைவிட மோசம். பெரியவர் யாரும் விசில் ஊதாமல் பிள்ளைகள் தாங்களே அணி பிரித்து ஆடுகிற நேரமும் சேர்ந்தால்தான் இந்தப் பாதைக்கு அர்த்தம். தவிர, பத்து வயதிலேயே ஆள் பொறுக்குகிற அகாடமிகள் இருக்கும்வரை, காத்திருக்கிற பிள்ளை பட்டியலிலிருந்து விழுந்துவிடும் என்கிற பயமும் நியாயமானதே. நார்வே இதை விதியிலேயே சரிசெய்தது: 11 வயதுக்கு முன் தரவரிசைப் பட்டியல் கிடையாது, 13 வரை தேசிய சாம்பியன்ஷிப் கிடையாது. சுமார் 55 லட்சம் பேர் வாழும் அந்த நாடு 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் 16 தங்கம் எடுத்தது. பனியும் பணமும் அங்கே உண்டுதான், ஆனால் காத்திருந்ததால் அவர்கள் எதையும் இழக்கவில்லை.

தாமதம் என்றால் எவ்வளவு தாமதம் என்பதற்கு ஹெலன் குளோவரைப் பார்க்கலாம். ஓட்டமும் ஹாக்கியும் ஆடிவந்தவர், பிரிட்டனின் திறமை தேடல் திட்டம் ஒன்றின் வழியாக 2008இல் துடுப்புப் படகுக்கு வந்தார், 2012இல் ஒலிம்பிக் தங்கம். எல்லோருக்கும் இது வாய்க்காது, படகோட்டம் போல உடல்திறனுக்கு அதிக இடம் உள்ள விளையாட்டில்தான் இவ்வளவு வேகம் சாத்தியம்.

என் தேர்வு இரண்டாவது பாதைதான். ஜிம்னாஸ்டிக்ஸ் வகையில் சீக்கிரம் தொடங்கட்டும், ஆனால் அங்கேயும் ஓய்வு மாதங்களை விட்டுக்கொடுக்க வேண்டாம். மற்றவற்றில் 13, 14இல் பிள்ளை தானாக ஒன்றைக் கேட்கும்வரை கதவுகளைத் திறந்தே வைக்கலாம். அதற்கு முன்பே யாராவது ஆண்டு முழுவதையும் கேட்டால், அவரிடம் பத்து வயதில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் 18 வயதில் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறார்கள் என்று கேளுங்கள், பதில் வந்த பிறகு பணம் கட்டுவதைப் பற்றி யோசிக்கலாம்.