ரேடியோ அலைன்மென்ட் என்று 4,500 ரூபாய் போச்சு, உஷார்!

திருச்சியில் பழைய ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் பார்க்கும் கடை ஒன்று. பேர் போடவில்லை. அப்பாவின் வால்வு ரேடியோவில் திருச்சி வானொலி 936 கிலோஹெர்ட்ஸில் கணீரென்றுதான் கேட்டது. சென்னை 720 மட்டும் மங்கல். அதற்காகத்தான் அலைன்மென்ட் பண்ண, அதாவது உள்ளே திருகுகளைச் சரிசெய்து ஸ்டேஷன்களை டயலில் அதனதன் இடத்தில் தெளிவாக வரவைக்க, கொடுத்தேன்.

ஆள் பேசிய பேச்சு அப்படி. "முதல்ல ஐ.எஃப். 455-க்கு வரணும் சார். அப்புறம் 600-ல காயில், 1400-ல டிரிம்மர், மறுபடியும் 600. அவசரப்பட்டா ஆகாது." ஒரு வார்த்தை தப்பில்லை. (ஐ.எஃப். என்றால் எந்த ஸ்டேஷனையும் செட் உள்ளே மாற்றிக்கொள்ளும் இடைநிலை அலைவரிசை, இதில் 455 கிலோஹெர்ட்ஸ். டிரிம்மர் என்பது திருகிச் சரிசெய்யும் சின்ன கண்டன்சர்.) பின்னால் அலமாரியில், இதற்கான சோதனை சிக்னலைத் தரும் சிக்னல் ஜெனரேட்டர் வேறு. தொழில் தெரிந்தவர் என்று நம்பி 4,500 ரூபாயையும் அப்போதே எண்ணிக் கொடுத்தேன்.

வீட்டில் போட்டால், முள் 1050-க்குப் போனால்தான் திருச்சி வருகிறது! சென்னை அடியோடு இல்லை, விசில் மட்டும். பின்பக்கத்தைக் கழற்றினேன். ஐ.எஃப். டப்பா மேலிருந்த மெழுகைச் சுரண்டியிருக்கிறார். உள்ளே, காயிலுக்கு நடுவே திருகிச் சரிசெய்யும் துண்டான கோரின் பள்ளம் உடைந்து, ஓரமெல்லாம் கறுப்புத் தூள். பிளாஸ்டிக் குச்சியால் பூப்போலத் திருப்ப வேண்டியதை இரும்பு ஸ்க்ரூடிரைவரால் முறுக்கியிருக்கிறார். இரும்பு கிட்டே போனாலே டியூனிங் நகர்ந்துவிடும், அது தெரியாதா அவருக்கு?

கேட்கப் போனால் "ஏரியல் சரியில்லை சார்." அடுத்த தடவை "உங்க வீட்டு எல்.இ.டி. பல்பு." பல்பு இரைச்சல் தரும், சரி. 936-ஐத் தூக்கி 1050-ல் உட்கார வைக்குமா? கடைசியில் "பழைய செட்டு, இவ்வளவுதான் வரும்." கொடுக்கும்போது பழசாக இல்லையாக்கும். அன்றுதான் அந்த ஜெனரேட்டரைக் கிட்டே போய்ப் பார்த்தேன். அவுட்புட் ஒயரே கிடையாது, அதன்மேல் அவருடைய டிபன் கேரியர்! காதால் கேட்டு, கண்டபடி திருகியதற்கு 4,500 ரூபாய். இப்போது போனையும் எடுப்பதில்லை.

விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆத்திரத்தில் வரவில்லை. செட்டைக் கொடுக்கும் முன் காயில், டிரிம்மர் எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள். ஜெனரேட்டரை மாட்டி உங்கள் கண்முன் 455 வைக்கச் சொல்லுங்கள். தெரிந்த ஸ்டேஷன் டயலில் அதன் இடத்தில் வந்த பிறகு காசு கொடுங்கள். இரும்பு ஸ்க்ரூடிரைவரை எடுத்தால் செட்டை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

பழைய 455 ஐ.எஃப். டப்பா, கோர் உடையாதது, யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.