மூன்றாவது மிரர் டிஸ்க்கைக் கழற்றி வைப்பதா, தனி டிஸ்க்கில் நகல் எடுப்பதா?

ரெய்ட் 1 என்பது ஒரே தரவை எல்லா டிஸ்க்குகளிலும் ஒரே நேரத்தில் எழுதும் மிரர் முறை. அது டிஸ்க் பழுதைத் தாங்கும். ஆனால் தவறுதலாக அழித்த கோப்பு எல்லா டிஸ்க்கிலும் உடனே அழிந்துவிடும். பேக்கப் தனியாக வேண்டும்.

லினக்ஸ் மென்பொருள் ரெய்டில் மூன்றாவது டிஸ்க்கைச் சேர்த்து, சிங்க் (தரவு முழுதும் அதில் நகலாவது) முடிந்ததும் பேக்கப்பாகக் கழற்றலாம். அதற்குமுன் டேட்டாபேஸை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் கிடைப்பது திடீரென மின்சாரம் போன சர்வரின் நிலைதான். ரைட்-இன்டென்ட் பிட்மேப் (எந்தப் பகுதிகள் மாறின என்ற குறிப்பு) இருந்தால், திரும்பச் சேர்க்கும்போது மாறிய பகுதிகள் மட்டுமே எழுதப்படும். இல்லையென்றால் 4 டெராபைட்டுக்கு, நொடிக்கு 150 மெகாபைட் வேகத்தில், சுமார் ஏழரை மணி நேரம்.

இரண்டு பேக்கப் டிஸ்க்குகளை மாற்றி மாற்றிச் செருகுவோர் சிக்குவது இங்கேதான். அரேயில் (ரெய்டில் சேர்ந்த டிஸ்க்குகளின் தொகுப்பு) எல்லா இடமும் நிரம்பி சிங்க் முடிந்ததும் பிட்மேப் துடைக்கப்படும். வெளியே உள்ள டிஸ்க்குக்கு மறுபடி முழு சிங்க். அரேயை நான்கு இடங்களோடு அமைத்து, எப்போதும் ஒன்றைக் காலியாக விட்டால் பிட்மேப் துடைக்கப்படாது, இந்தத் தொல்லை இல்லை. கழற்றிய டிஸ்க்கில் வேறு கணினி எதையும் எழுதவே கூடாது. அந்த மாற்றம் பிட்மேப்புக்குத் தெரியாது. திரும்பச் சேர்த்தால் தரவு கெடும்.

இரண்டாவது வழி, ஸ்னாப்ஷாட் (அந்த நொடியின் உறைந்த நிலை) எடுத்து, ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் நிரலால் தனி டிஸ்க்குக்கு நகலெடுப்பது. இது மெதுவானது, சிறு கோப்புகள் லட்சக்கணக்கில் இருந்தால் இன்னும் மெதுவு. ஆனால் பழைய பதிப்புகள் கையில் இருக்கும். மாறாத கோப்புகளுக்கு ஹார்டு லிங்க் (அதே கோப்புக்கு இன்னொரு பெயர்) போட்டால் இடமும் மிச்சம். கோப்பு சர்வருக்கு இதுவே சரி.

முழு சர்வரையும் சட்டென எழுப்ப வேண்டிய இடத்துக்கு, டிஸ்க்கைக் கழற்றி வைக்கும் முதல் வழி. பார்ட்டிஷன்களை மட்டும் மிரர் செய்திருந்தால், மூன்றாவது டிஸ்க்கிலும் பூட்லோடரை (கணினியைத் துவக்கும் நிரல்) தனியாக நிறுவுங்கள்.