சுவரை மூடுவதற்கு முன்: எங்கள் வேலையில் நிலைத்த ஒரு பட்டியல்

கோலாலம்பூர் செந்தூலில் எங்களுடையது வீடுகளைப் புதுப்பிக்கும் சின்ன ரெனோவேஷன் கம்பெனி. கொண்டோ என்கிற அடுக்குமாடி வீடுகளின் குளியலறை, சமையலறை, எப்போதாவது ஒரு கடைவீடு. வேலைகளை ஒருங்கிணைப்பது என் பொறுப்பு. செய்ய வேண்டியவற்றின் பட்டியலை முதலில் ட்ரெல்லோ செயலியில் வைத்திருந்தோம், அப்புறம் கூகுள் ஷீட். இப்போது சில ஆண்டுகளாக லேமினேட் செய்த ஒரே ஒரு ஏ4 தாள்தான். கதவின் பின்பக்கம் ஒட்டியிருக்கும். மார்க்கர் பேனா கயிற்றில் தொங்கும்.

செயலிகள் மேல் குறை இல்லை. சாமான் எப்போது வரும், யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதையெல்லாம் இன்றும் ஷீட்டில்தான் பார்க்கிறேன். ஆனால் கையெல்லாம் சிமெண்டோடு நிற்பவர் போனை எடுத்து டிக் போடமாட்டார். சாயந்திரம் டீ குடிக்கும்போது எல்லாவற்றுக்கும் மொத்தமாகப் போடுவார். அந்த டிக் யாருக்கு வேண்டும்?

தாளில் வேலை முழுவதும் இருக்காது. மூன்று நிறுத்தங்கள் மட்டும்: உடைப்பதற்கு முன், மூடுவதற்கு முன், சாவி கொடுப்பதற்கு முன். இந்த யோசனை மருத்துவமனையிலிருந்து வந்தது. உலக சுகாதார நிறுவனம் 2008-இல் அறுவை சிகிச்சைக்காக வெளியிட்ட பட்டியலில் 19 வரிகள்தான். மயக்க மருந்துக்கு முன், கத்தி வைப்பதற்கு முன், நோயாளியை அறையிலிருந்து வெளியே கொண்டுபோவதற்கு முன் என்று மூன்று இடங்களில் நின்று வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும். எப்படி அறுப்பது என்று டாக்டருக்கு அது பாடம் எடுப்பதில்லை. டைல் பதிக்கத் தெரிந்தவருக்கு நாமும் எடுக்க வேண்டாம். தாண்டினால் திரும்ப முடியாத இடத்தில் அவரை நிறுத்தினால் போதும்.

குளியலறையில் அந்த இடம் டைலுக்கு முன்னால் வரும். பழைய பட்டியலில் ‘வாட்டர்புரூஃபிங்’ என்று ஒரே சொல். பூசினாலும் டிக், சோதித்தாலும் டிக். இப்போதுள்ள வரி: ‘தரைத் துளையை அடைத்துத் தண்ணீர் தேக்கி 24 மணி நேரம் ஆயிற்று; கீழ்வீட்டு சீலிங்கில் ஈரம் இல்லை; படம் வாட்ஸாப்பில்.’ நீளம்தான், ஆனால் பார்க்காமல் டிக் போட முடியாது. தண்ணீர் நிற்கும் மட்டத்தில் சுவரில் பென்சில் கோடு, மறுநாள் அதே இடத்தில் நின்று இன்னொரு படம். கீழ்வீட்டுக்காரர் கதவைத் திறக்க வேண்டுமே, அதனால் அவரிடம் பேசிவைப்பதும் முதல் நிறுத்தத்தில் ஒரு வரி.

ஒவ்வொரு வரிக்கும் ஒரே ஒரு பெயர். ‘பிளம்பர் / சூப்பர்வைசர்’ என்று எழுதினால் அவர் பார்த்திருப்பார் என்று இவரும், இவர் பார்த்திருப்பார் என்று அவரும் போய்விடுவார்கள். எங்கள் ஆட்களில் வங்காளதேசத்தவர், இந்தோனேசியர், நம்மாட்கள் எல்லாரும் இருப்பதால் தாள் மலாயில். தமிழில் எழுத எனக்கும் ஆசைதான்.

உடைப்பதற்கு முன் பாதி காகித வேலை: கொண்டோ நிர்வாகத்தின் அனுமதிக் கடிதம், டெபாசிட் ரசீது, சத்தமான வேலைக்கு அனுமதித்த நேரம். அதோடு நாள்காட்டி. சீனப் புத்தாண்டுக்கு டைல் கடைகள் மூடினால் உடனே திறக்கமாட்டார்கள். நோன்புப் பெருநாளுக்கு இந்தோனேசிய ஆட்கள் ஊருக்குப் போவார்கள். தைப்பூசத்துக்கு எங்கள் எலெக்ட்ரீசியன் பத்துமலையில் காவடி எடுப்பார். அந்த வாரம் அவரை நம்பித் தேதி கொடுப்பதில்லை. கடையில் வாங்கும் எந்த டெம்ப்ளேட்டிலும் இதெல்லாம் இருக்காது.

ஒவ்வொரு சண்டை முடிந்ததும் யாராவது ஒரு புது வரி கேட்பார்கள். தாள் ஒரு பக்கம்தான், ஒன்று ஏறினால் ஒன்று இறங்க வேண்டும். கடைசியாக இறங்கியது ‘இடம் கூட்டிப் பெருக்கியாயிற்று’. குப்பை கிடந்தால் கண்ணுக்கே தெரியும், தாள் எதற்கு?

இந்தத் தாளால் தீராதது, வாடிக்கையாளர் மனசு மாறுவது. டைல் பதித்த பிறகு, “சிங்க்கை இந்தப் பக்கம் வைங்கண்ணே” என்பார். அதற்குத் தனிப் படிவம்: என்ன மாற்றம், கூடுதலாக எத்தனை வெள்ளி (ரிங்கிட்), எத்தனை நாள், கையெழுத்து. வாட்ஸாப்பில் வெறும் ‘ஓகே’ வந்தால் நாங்கள் வேலையைத் தொடுவதில்லை.