காசவெட்டஸுக்கு நாற்பது ஆண்டுகள் முன்பே: கினோ லார்பரின் ஐந்து வட்டுத் தொகுப்பு

அமெரிக்கச் சுயாதீன சினிமாவின் வரலாற்றைச் சொல்ல வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு ஆண்டுகளில் ஒன்றைத் தொடக்கமாக வைத்துக்கொள்கிறார்கள். ஒன்று, ஜான் காசவெட்டஸ் நியூயார்க்கில் 16 மி.மீ. கேமராவில் எடுத்த 'ஷேடோஸ்' படத்தை இறுதி வடிவில் திரையிட்ட 1959. மற்றொன்று, பின்னாளில் சன்டான்ஸ் என்று பெயர்பெற்ற யூட்டா மாநிலத் திரைப்பட விழாவில் ஸ்டீவன் சோடர்பெர்க்கின் முதல் படம் பார்வையாளர் விருது பெற்று, சிறு முதலீட்டுப் படங்களுக்குப் பெரிய சந்தை இருக்கிறது என்று விநியோகஸ்தர்களை நம்பவைத்த 1989. கினோ லார்பர் நிறுவனம் 2016இல் வெளியிட்ட 'பயனியர்ஸ் ஆஃப் ஆஃப்ரிக்கன்-அமெரிக்கன் சினிமா' என்னும் ப்ளூ-ரே தொகுப்பைப் பார்த்து முடித்தவர்களுக்கு இந்த இரண்டு ஆண்டுகளுமே மிகவும் பிந்தியவையாகத் தோன்றும். ஸ்டுடியோவின் பணமும் திரையரங்குச் சங்கிலிகளின் ஆதரவும் இல்லாமல், ஊர் ஊராகப் படப்பெட்டியைத் தூக்கிச் சென்று படம் காட்டிய ஒரு தலைமுறை 1910களிலேயே அங்கே இருந்திருக்கிறது என்பதற்கு இந்த ஐந்து வட்டுகளே சாட்சி.

கறுப்பின நடிகர்களைக் கொண்டு, கறுப்பினப் பார்வையாளர்களுக்காகவே எடுக்கப்பட்ட, 'ரேஸ் படங்கள்' என்று அந்நாளில் அழைக்கப்பட்ட படங்களின் திரட்டு இது. 1915இல் வந்த ஒரு சிறு நகைச்சுவைப் படம் தொடங்கி 1946 வரையிலான முழுநீளப் படங்கள், துண்டுகள், வீட்டுப் படங்கள், ஆய்வுப் பதிவுகள் ஆகியவற்றைத் திரைப்பட வரலாற்று ஆய்வாளர்களான சார்ல்ஸ் மஸ்ஸர், ஜாக்குலின் நஜூமா ஸ்டூவர்ட் ஆகிய இருவரும் தேர்ந்திருக்கிறார்கள். டிஜே ஸ்பூக்கி என்ற பெயரில் அறியப்பட்ட இசைக் கலைஞர் பால் டி. மில்லர் நிர்வாகத் தயாரிப்பாளர். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் உள்ளிட்ட காப்பகங்களின் பிரதிகளிலிருந்து படங்கள் எண்மமாக்கப்பட்டுள்ளன. செலவின் ஒரு பகுதி இணையத்தில் பொதுமக்களிடம் நிதி திரட்டிச் சேர்க்கப்பட்டது. கட்டுரைகள் அடங்கிய தடித்த கையேடு ஒன்றும் உடன் வருகிறது. வெளியானபோது விலை 100 டாலரை ஒட்டியிருந்தது. அது சிறிய தொகையன்று. ஆயினும் அடங்கியிருக்கும் படங்களின் எண்ணிக்கையைப் பார்த்தால் அதிகம் என்றும் சொல்ல முடியாது.

தொகுப்பின் நடுநாயகம் ஆஸ்கார் மிஷோ. 1884இல் இல்லினாய் மாநிலத்தில் பிறந்த இவர், ரயிலில் பயணிகளுக்குப் பணிவிடை செய்யும் ஊழியராக இருந்து, பிறகு தெற்கு டகோட்டாவில் நிலம் வாங்கி உழுது, அந்த அனுபவத்தை நாவலாக எழுதித் தாமே வீடு வீடாக விற்றவர். அவருடைய 1917ஆம் ஆண்டு நாவலைப் படமாக்க லிங்கன் மோஷன் பிக்சர் கம்பெனி விரும்பியது. அந்தக் கம்பெனியின் விநியோக வேலைகளைக் கவனித்த ஜார்ஜ் ஜான்சன், ஓமஹா நகரத்து அஞ்சலக ஊழியர். அவருடைய அண்ணன் நோபிள் ஜான்சன் ஹாலிவுட்டில் நடித்துக்கொண்டே இந்தக் கம்பெனியையும் நடத்தியவர். படத்தின் பொறுப்பு தம் கையில்தான் இருக்க வேண்டும் என்று மிஷோ பிடிவாதமாக நின்றதால் பேச்சு முறிந்தது. அதுவரை ஒரு காட்சிகூட எடுத்திராத மனிதர் அதன் பிறகு செய்ததுதான் வியப்புக்குரியது: தம் புத்தகங்களை வாங்கிய அதே பகுதி விவசாயிகளிடம், அவர்களில் பலர் வெள்ளையர்கள், பங்குகளை விற்றுப் பணம் திரட்டி, 1919இல் தம் முதல் படத்தை வெளியிட்டுவிட்டார். ஒரு கறுப்பினத்தவர் இயக்கிய முதல் முழுநீளப் படமான அது இன்று கிடைக்கவில்லை. தொகுப்பிலும் இல்லை.

அதற்கு அடுத்து அவர் எடுத்த 'வித்தின் அவர் கேட்ஸ்' (1920) இருக்கிறது. கறுப்பின இயக்குநர்களின் முழுநீளப் படங்களில் இன்று எஞ்சியிருப்பவற்றுள் மிகப் பழையது இதுவே. நீண்ட காலம் இதுவும் தொலைந்துபோனதாகவே கருதப்பட்டது. பிறகு ஸ்பெயின் நாட்டுக் காப்பகத்தில் 'லா நெக்ரா' என்ற தலைப்போடு ஒரே ஒரு பிரதி கிடைத்தது. மௌனப் படத்தில் வசனத்தையும் விளக்கத்தையும் காட்டும் எழுத்து அட்டைகள் அதில் ஸ்பானிய மொழியில் இருந்ததால், மிஷோவின் நாவல் நடையை ஒட்டி அவற்றை மீண்டும் ஆங்கிலமாக்கி, காங்கிரஸ் நூலகம் 1993இல் படத்தை மீட்டமைத்தது. ஆகவே நாம் திரையில் படிக்கும் வாக்கியங்கள் பலவும் அவர் எழுதிய சொற்களே என்று கொள்வதற்கில்லை. இதை மனத்தில் வைத்துக்கொண்டு பார்ப்பது நல்லது.

தெற்கில் ஏழைக் குழந்தைகளுக்கான பள்ளி ஒன்றைக் காப்பாற்றப் பணம் தேடி வடக்கே வரும் ஆசிரியை சில்வியாவின் கதை இது. ஈவ்லின் ப்ரீர் மிகையில்லாமல் நடித்திருக்கிறார். எனினும் படத்தில் என்னை நிறுத்திவைத்தது, கதைக்கு அவ்வளவாகத் தேவைப்படாத ஒரு சிறு பகுதி. ஓல்ட் நெட் என்னும் பாதிரியார், கறுப்பர்களுக்கு வாக்குரிமை எதற்கு, சொர்க்கம் இருக்கிறதே என்று வெள்ளைக்காரப் பிரமுகர்களின் காது குளிரப் பேசுகிறார். அவர்கள் சிரித்துக்கொண்டே பின்புறத்தில் ஒரு உதை விடுகிறார்கள். அவரும் சிரித்தபடியே வெளியேறுகிறார். கதவு சாத்தப்பட்டதும் அந்தச் சிரிப்பு முகத்திலிருந்து இறங்கிவிடுகிறது. ஒரு வாய்க் கூழுக்காகப் பிறப்புரிமையை விற்றுவிட்டேன் என்று தனக்குள் சொல்லிக்கொள்கிறார். கேலிச் சித்திரமாகவே இருந்த ஒரு பாத்திரம் நொடியில் மனிதனாகிவிடும் இந்த இடத்தை அன்றைய ஹாலிவுட் எடுத்திருக்கவே முடியாது. அதைப் பார்ப்பதற்கான கண்ணும் தேவையும் அவர்களுக்கு இல்லை.

பிற்பகுதியில் சில்வியாவின் வளர்ப்புப் பெற்றோரை வெறிபிடித்த கும்பல் தூக்கிலிடுவதும், அதே நேரத்தில் ஒரு வெள்ளை நிலவுடைமையாளனின் சகோதரன் அவளைப் பலாத்காரம் செய்ய முயல்வதும் மாறி மாறி வெட்டிக் காட்டப்படுகின்றன. 1915இல் இயக்குநர் டி. டபிள்யூ. கிரிஃபித் 'தி பர்த் ஆஃப் எ நேஷன்' படத்தில், வெள்ளைப் பெண்ணைக் காக்க வருவதாகச் சொல்லி கூ க்ளக்ஸ் க்ளான் என்னும் வெள்ளையின வெறி அமைப்பை வீரர்களாக்கிக் காட்டப் பயன்படுத்திய அதே உத்தியை மிஷோ எடுத்துத் திருப்பி அடித்திருக்கிறார் என்று ஆய்வாளர்கள் கூறுவது, படத்தைப் பார்க்கும்போது மிகையாகத் தெரியவில்லை. சிகாகோவில் 1919 கோடையில் நடந்த இனக்கலவரத்தில் 38 பேர் இறந்து ஆறே மாதங்களில் இப்படம் அந்நகரத்துக்கு வந்தது. தணிக்கைக் குழு முதலில் அனுமதி மறுத்ததன் காரணம் அதுவே. வெட்டியும் சேர்த்தும் ஊருக்கு ஒரு வடிவமாகப் படத்தைக் காட்டுவது அவருக்கு வழக்கமாயிற்று. திரையரங்கு உரிமையாளர்களை நேரில் சந்தித்து, அடுத்த படத்தின் புகைப்படங்களைக் காட்டி முன்பணம் வாங்கி, அந்தப் பணத்திலேயே படத்தை எடுப்பார். 1928இல் திவாலாகியும், மீண்டும் எழுந்து, மொத்தம் நாற்பதுக்கு மேற்பட்ட படங்களை எடுத்துவிட்டுத்தான் 1951இல் மறைந்தார்.

இந்த வறுமை திரையில் எப்படித் தெரிகிறது என்பதை மறைக்காமல் காட்டியிருப்பதே தொகுப்பின் பெரிய பலம் என்று கருதுகிறேன். 'தி சிம்பல் ஆஃப் தி அன்கான்கர்ட்' (1920) பெல்ஜியக் காப்பகத்தில் கிடைத்த பிரதி. க்ளான் கும்பலை எதிர்த்து நிற்கும் உச்சக்காட்சியின் முக்கியப் பகுதி அதில் இல்லை. எது இல்லை என்பதை அட்டையிட்டுச் சொல்லிவிட்டு மேலே செல்கிறார்கள். ரிச்சர்ட் நார்மன் எடுத்த 'ரீஜெனரேஷன்' (1923) துண்டில் நைட்ரேட் படச்சுருள் அழுகிக் கரைந்த அடையாளங்கள் காட்சியையே விழுங்கிவிடுகின்றன. லிங்கன் கம்பெனியின் 'பை ரைட் ஆஃப் பர்த்' (1921) சில நிமிடங்களே எஞ்சியிருக்கிறது. படம் எடுக்க யாரையும் சாராமல் இருப்பது ஒருபுறம். எடுத்த படத்தைப் பாதுகாக்க ஒரு கிடங்குகூட இல்லாமல் போவது அதன் மறுபுறம். இந்தக் கணக்கு வரலாற்று நூல்களில் ஒரு வரியாகக் கடந்துபோகும். இங்கே கண்ணெதிரே ஓடுகிறது.

'பாடி அண்ட் சோல்' (1925) மிஷோ இயக்கியது; பாடகரும் நடிகருமான பால் ராப்சனின் முதல் படம். போலிப் பாதிரியாராகவும் அவருடைய நல்ல உடன்பிறப்பாகவும் இரட்டை வேடம். முடிவில் எல்லாம் கனவு என்று சொல்லிவிடுவது ஏமாற்றமே. நியூயார்க் தணிக்கையாளர்களோடு நடந்த இழுபறியை அறிந்தால் அந்த ஏமாற்றம் சற்றுக் குறையும். நார்மனின் 'தி ஃப்ளையிங் ஏஸ்' (1926) ஃபிளாரிடாவின் ஜாக்சன்வில்லில் எடுக்கப்பட்ட சாகசப் படம். விமானங்கள் ஒருமுறைகூடத் தரையை விட்டு எழவில்லை என்பது இரண்டாம் முறை பார்க்கையில்தான் உறைக்கிறது. அத்தனை சாமர்த்தியமாகக் கோணம் வைத்திருக்கிறார்கள். நார்மன் வெள்ளையர் என்பதும், ஃபிலடெல்ஃபியாவில் 'தி ஸ்கார் ஆஃப் ஷேம்' எடுத்த கம்பெனியின் முதலாளியும் வெள்ளையர் என்பதும் தொகுப்பின் தலைப்போடு முரண்படவில்லையா என்று சிலர் கேட்கலாம். யார் பணம் போட்டார்கள் என்பதைவிட யாருக்காக எடுத்தார்கள் என்பதையே தேர்வாளர்கள் அளவுகோலாகக் கொண்டிருக்கிறார்கள். அது சரியான முடிவு என்றே எனக்குப் படுகிறது, வெள்ளையர்களுக்குச் சொந்தமான எபனி கம்பெனியின் மட்டமான நகைச்சுவைப் படங்கள் நீங்கலாக. அவற்றை ஒருமுறை பார்த்தால் போதும்.

யாரும் தவறவிடக் கூடாதது 'ஹெல்-பவுண்ட் டிரெயின்' (1930). ஜேம்ஸ் கிஸ்ட், எலாய்ஸ் கிஸ்ட் என்னும் மதப் பரப்புரைத் தம்பதியர் 16 மி.மீ. கேமராவில் எடுத்து, தேவாலயங்களில் திரையிட்டு வந்த படம். சாத்தான் ஓட்டும் ரயிலில் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பாவம்: குடி, சூது, நடனம் என்று வரிசையாக. தொழில்முறை நடிகர் ஒருவரும் இல்லை. ஒளியமைப்பு என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. ஆனால் எடுத்தவர்களின் நம்பிக்கையின் வேகம் பார்ப்பவரை இழுத்துக்கொண்டு போகிறது. காப்பகத்தில் சிதறிக் கிடந்த துண்டுகளிலிருந்து இதை வரிசைப்படுத்தியவர்களின் உழைப்பு பாராட்டத்தக்கது. இதற்கு இணையாக, ஓக்லஹோமாவின் பாப்டிஸ்ட் போதகர் எஸ். எஸ். ஜோன்ஸ் 1924க்கும் 1928க்கும் இடையில் எடுத்த பதிவுகளும் உள்ளன. கடைவீதி, பள்ளி விட்டு வரும் பிள்ளைகள், தேவாலய வாசலில் வரிசையாக வந்து கேமராவைப் பார்க்கும் குடும்பங்கள் எனச் சாதாரணக் காட்சிகள்தாம். 1921இல் அதே ஓக்லஹோமாவின் டல்சா நகரில் கறுப்பினப் பகுதி வெள்ளையர் கும்பலால் எரிக்கப்பட்டதை அறிந்தவர்களால் அவற்றைச் சாதாரணமாகப் பார்க்க முடியாது.

பேசும்படங்கள் வந்த பிறகு தொகுப்பு தொய்வடைகிறது. ஒலிப்பதிவுச் செலவு ஏறியதும் மிஷோவின் கேமரா ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. நடிகர்கள் வசனத்தை ஒப்பிக்கிறார்கள். கதைக்கு நடுவே இரவு விடுதி ஆட்டங்கள் நீண்டுகொண்டே போகின்றன. 1930களின் இந்தப் படங்களைத் தொடர்ச்சியாகப் பார்ப்பதற்குப் பொறுமை வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்தே தீர வேண்டும் என்ற எண்ணத்தில் ஒன்றிரண்டைக் குறைத்திருக்கலாம். அந்தச் சோர்வைக் கறுப்பின நடிகரும் இயக்குநருமான ஸ்பென்சர் வில்லியம்ஸ் போக்கிவிடுகிறார். டெக்சஸில் ஏறத்தாழ 5,000 டாலரில் அவர் எடுத்த 'தி பிளட் ஆஃப் ஜீசஸ்' (1941), கணவனின் துப்பாக்கி தவறி வெடித்ததில் சாகக் கிடக்கும் ஒரு பெண்ணின் ஆன்மா சொர்க்கத்துக்கும் நரகத்துக்கும் இடையிலான கூட்டுச்சாலையில் நிற்பதைச் சொல்கிறது. சொர்க்கத்தைக் கட்டக் கையில் பணமில்லாததால் 1911ஆம் ஆண்டு இத்தாலியப் படமொன்றின் காட்சிகளையே எடுத்துச் சேர்த்திருக்கிறார். அந்த ஒட்டு தெரியத்தான் செய்கிறது. பாடற்குழுவின் பாடல்கள் அதை மீறிப் படத்தைத் தாங்கிவிடுகின்றன.

மௌனப் படங்களுக்குச் சேர்த்த இசையின் தரம் ஏறியும் இறங்கியும் இருக்கிறது. 'சிம்பல்' படத்துக்கு டிரம் மேதை மேக்ஸ் ரோச் அமைத்த இசை, பல இடங்களில் வெறும் தாளமாகவே நின்று காட்சியைக் கூர்மையாக்குகிறது. டிஜே ஸ்பூக்கியின் மின்னணு இசையோ படத்தோடு சேராமல் தன் போக்கில் போவதாக எனக்குப் பட்டது. சில காட்சிகளை ஒலியை நிறுத்திவிட்டுப் பார்த்தபோது இன்னும் நன்றாக இருந்தன.

இப்படங்களில் பல காப்புரிமை நீங்கியவை. மங்கலான பிரதிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றில் ஓல்ட் நெட்டின் முகம் ஒரு வெள்ளைத் திட்டாகத்தான் தெரியும்; இந்த வட்டில் அவர் முகத்தசை தளர்வதைப் பார்க்கலாம். பணம் கொடுத்து வாங்குவதற்கு எனக்கு அந்த ஒரு வேறுபாடே போதுமானதாக இருந்தது. வாங்குகிறவர்கள் வட்டு வரிசைப்படி போக வேண்டியதில்லை. 'வித்தின் அவர் கேட்ஸ்', அதன் பின் 'ஹெல்-பவுண்ட் டிரெயின்', அதன் பின் 'தி பிளட் ஆஃப் ஜீசஸ்' என்று பார்த்துவிட்டுக் கையேட்டைப் படித்தால், மற்றவற்றை எந்த வரிசையில் பார்ப்பது என்பது தானே விளங்கிவிடும்.