போர்க்கால ஸ்பேனர் வாங்குவோரே, அம்புக்குறியை மட்டும் நம்பாதீர்கள்

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவம் ஓட்டிய பிஎஸ்ஏ எம்20 மோட்டார் சைக்கிள் ஒன்றைச் சீரமைத்து வருகிறேன். அதன் கருவிப் பையை நிரப்ப, இங்கிலாந்தில் ஒருவர் இணையத்தில் விற்ற ஐந்து ஸ்பேனர்களை வாங்கினேன். "1942, ராணுவ அம்புக்குறி, அசல், சேகரிப்பாளரின் தேர்வு" என்றது விளம்பரம். பிரிட்டிஷ் அரசுச் சொத்து என்று காட்டும் முத்திரைதான் அந்த அம்பு. தபால் கட்டணமும் சுங்க வரியும் சேர்ந்து நன்றாகவே கறந்துவிட்டன. பிரித்துப் பார்த்தால் மூன்றில் தில்லுமுல்லு.

ஸ்பேனர்கள் பழையவைதாம். ராணுவத்துக்குத் தொடர்பில்லாத அவற்றில் அம்பையும் ஆண்டையும் யாரோ அண்மையில் பஞ்ச் வைத்து அடித்திருக்கிறார். அசலில் முத்திரையின் உள்ளேயும் துரு படர்ந்திருக்கும், விளிம்பு மழுங்கியிருக்கும். இவற்றிலோ துருக்குழிகளின் மேலேயே அம்பு ஏறி இறங்கியிருந்தது. பிதுங்கிய உலோகம் நகத்தில் தட்டுப்பட்டது. மூன்றும் வெவ்வேறு நிறுவனங்கள் செய்தவை. அம்பு மட்டும் ஒரே அச்சு, ஒரே சாய்வு!

ஒன்றில் அளவே காட்டிக்கொடுத்தது: 1/2 ஏஎஃப். எம்20 போன்ற வண்டிகளின் போல்ட் தலைகளும் நட்டுகளும் பெரும்பாலும் விட்வொர்த், பிஎஸ்எஃப் என்ற பழைய பிரிட்டிஷ் அளவு முறைகளுக்கான ஸ்பேனர்களுக்கே பொருந்தும். அந்த ஸ்பேனர்களில் பொறித்திருப்பது போல்ட்டின் விட்டம், வாயின் அகலம் அல்ல. 3/16 டபிள்யூ (விட்வொர்த்), 1/4 பிஎஸ் (பிஎஸ்எஃப்) என இரண்டும் ஒரே வாயில் இருக்கும். காலிப்பர் வைத்தால் 0.445 அங்குலம். ஏஎஃப் என்பது வாயின் அகலத்தையே சொல்லும் முறை. பிரிட்டிஷ் பட்டறைகளில் அது பரவியது போருக்குப் பின்னர்தான். அதன் பக்கத்திலேயே 1942 என்று அடிக்கத் துணிச்சல் வேண்டும்.

விற்றவரிடம் கேட்டேன். தமக்குக் கருவிகள் பற்றி ஒன்றும் தெரியாது, யாரோ வீட்டைக் காலி செய்தபோது கிடைத்தவை என்றார். 'சேகரிப்பாளர்' எங்கே போனார் என்ற கேள்விக்குப் பதில் இல்லை. என் செலவில் திருப்பி அனுப்பினால் பாதிப் பணம் தருவாராம். அதே சாய்வுள்ள அம்போடு ஒரு சுத்தியலும் இப்போது அவரிடம் விற்பனைக்கு இருக்கிறது.

அசல் அம்பாகவே இருந்தாலும் அது போர்க்காலத்தை உறுதிசெய்யாது. பிரிட்டிஷ் அரசுச் சொத்தின் அடையாளமாக அது போருக்குப் பல தலைமுறை முன்பே இருந்தது, பின்னும் தொடர்ந்தது. ஆண்டு, தயாரிப்பாளர் பெயர், அளவு முறை மூன்றும் ஒத்துப்போக வேண்டும். பணம் கட்டுமுன், பக்கவாட்டில் வெளிச்சம் விழ, முத்திரையை நெருக்கமாக எடுத்த படம் கேளுங்கள், பின்பக்கத்தையும் கேளுங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள்.