ரிசப்ஷனுக்கு இடம்: மண்டபமா, ஹோட்டலா, ஈசிஆர் புல்வெளியா?

தாய்மாமன் என்றால் சீர் செய்தால் போதும் என்று நினைத்திருந்தேன். அக்கா மகளுக்குக் கார்த்திகையில் முகூர்த்தம் குறித்ததும், சென்னையில் இடம் பார்க்கும் வேலையும் என் தலையில் விழுந்தது. வீட்டில் மூன்று கட்சி. அக்காவுக்குத் தாம்பரம் பக்கம் ஒரு கல்யாண மண்டபம் பிடித்திருந்தது. அத்தானுக்குக் கிண்டிப் பக்கம் ஒரு ஹோட்டலின் பாங்க்வெட் ஹால். கல்யாணப் பெண்ணுக்கு ஈசிஆரில், அதாவது கிழக்குக் கடற்கரைச் சாலையில், கடல் பார்த்த புல்வெளி. மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்றையும் பார்த்து வந்தேன்.

எங்கே போனாலும் முதலில் மேடையைத்தான் காட்டுகிறார்கள். நான் முதல் மண்டபத்திலேயே ஒரு கணக்குப் போட்டுவிட்டேன். வருகிறவர்கள் 700 பேர் என்று வையுங்கள். குடும்பத்துக்கு மூன்று பேர் என்றால் சுமார் 230 குடும்பம். மேடையேறி, கவரைக் கொடுத்து, போட்டோவுக்கு நின்று இறங்க 40 விநாடி. மொத்தம் இரண்டரை மணி நேரம். பந்தியில் ஒரு தடவைக்கு 150 இலை என்றால் ஐந்து பந்தி. இலை எடுத்து மேசை துடைப்பதையும் சேர்த்துப் பந்திக்கு 35 நிமிடம். அதுவும் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். ஆக, ஏழு மணிக்கு ஆரம்பித்தால் கடைசிப் பந்தி எழுந்திருக்க பத்து மணி ஆகிவிடும். வருகிறவர்கள் வரிசையில் நிற்கும் நேரத்தை எந்த இடம் குறைக்கிறது என்பதுதான் எனக்குக் கேள்வி. மற்றதெல்லாம் அலங்காரக்காரர் பார்த்துக்கொள்வார்.

மண்டபத்தின் பெரிய பலம் நேரம். முதல் நாள் பிற்பகல் சாவி வாங்கினால், மறுநாள் மதியச் சாப்பாடு முடிந்து காலி செய்தால் போதும். சென்னைப் பக்கம் பெரும்பாலும் முகூர்த்தத்துக்கு முந்தின மாலையே ரிசப்ஷன் வைத்துவிடுவதால், ஒரே வாடகையில் இரண்டும் முடிகிறது. இதன் அருமை அத்தானுக்குப் புரியவில்லை. ஹோட்டலில் ரிசப்ஷனை முடித்துவிட்டு, ராத்திரி பதினொரு மணிக்கு நகை, சீர்த்தட்டு, பெரியவர்கள், தூங்கிப்போன குழந்தைகள் எல்லாவற்றையும் வேனில் ஏற்றி இன்னொரு மண்டபத்துக்குக் கொண்டுபோக வேண்டும். முகூர்த்தமோ விடியற்காலை. கல்யாணப் பெண் தூங்குவது எப்போது?

மண்டபத்தில் சமையல்காரரையும் நாமே அமர்த்திக்கொள்ளலாம். எல்லா மண்டபமும் விடாது. சில இடங்களில் அவர்கள் சொல்லும் கேட்டரிங்காரர்தான், அதை அட்வான்ஸ் கொடுக்கும் முன் கேட்டுவிட வேண்டும். குறைகளும் உண்டு. வாடகை என்று சொல்வது ஒன்று, கடைசியில் கட்டுவது வேறு. கரண்ட் மீட்டர் ரீடிங்குக்குத் தனி, ஜெனரேட்டர் டீசலுக்குத் தனி, சுத்தம் செய்யத் தனி, வாடகைக்கு 18 சதவீத ஜிஎஸ்டி தனி. நான் பார்த்த மண்டபத்தில் ஏசி மேல் ஹாலுக்கு மட்டும்தான். பந்தி ஹாலில் மின்விசிறிதான். ஜெனரேட்டர் ஏசியையும் இழுக்குமா, லைட்டுக்கு மட்டுமா என்று கேட்டதற்கு மேனேஜர் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொன்னார். அந்த யோசனையே எனக்குப் பதில்.

ஹோட்டலில் இந்தச் சில்லறைத் தொல்லை எதுவும் இல்லை. பிளேட்டுக்கு இவ்வளவு, ஹால் அதிலேயே அடக்கம், வேலட் பார்க்கிங், லிஃப்ட், சுத்தமான கழிவறை. முட்டி வலிக்கிற எங்கள் பெரியம்மாவுக்கு அந்த லிஃப்ட் ஒன்றே போதும். மெட்ரோ ஸ்டேஷன் பக்கத்தில் இருப்பதால் கார் இல்லாதவர்களும் நிம்மதியாக வரலாம். பஃபே என்பதால் பந்தி வரிசையும் கரைந்துவிடும். 700 பேரும் ஒரே நேரத்தில் சாப்பிடலாம், நின்றுகொண்டு. இந்த நின்றுகொண்டு என்பதில்தான் அக்கா முறுக்கிக்கொண்டாள். "ஊர்லேர்ந்து வர்றவங்க தட்டைக் கையில பிடிச்சுக்கிட்டு நாற்காலி தேடுவாங்களாடா?" என்றாள். அவள் கேட்டது நியாயம்தான். அப்புறம் மினிமம் கேரண்டி. 500 பிளேட்டுக்கு ஒப்புக்கொண்டால் 380 பேர் வந்தாலும் 500க்குப் பணம். ஐப்பசி, கார்த்திகை மழையில் எத்தனை பேர் வருவார்கள் என்று யார் சொல்ல முடியும்? வரியும் கவனிக்க வேண்டியது. வெளி கேட்டரிங்காரர் பில்லில் சாப்பாட்டுக்கு 5 சதவீதம் வரும் இடத்தில், பெரிய நட்சத்திர ஹோட்டலில் ஹாலும் சாப்பாடும் சேர்ந்த தொகைக்கு 18 சதவீதம். பிளேட் விலை கேட்கும்போது வரியோடு கேளுங்கள்.

புல்வெளிக்கு வருவோம். மாலை ஆறு மணிக்கு அங்கே நின்றபோது எனக்கே ஆசை வந்துவிட்டது. காற்று, தென்னை மரங்களில் சுற்றிய குட்டி விளக்குகள், பின்னால் அலைச் சத்தம். போட்டோவுக்கு மற்ற இரண்டும் பக்கத்தில் வர முடியாது. தை, மாசி முகூர்த்தமாக இருந்து, 200 பேருக்குள் அழைப்பதானால் நானே சரி என்றிருப்பேன். ஆனால் மாதம் கார்த்திகை. 2015 டிசம்பர் வெள்ளம், 2016 வர்தா புயல், 2023 மிக்ஜாம் புயல், 2024 ஃபெஞ்சல் புயல் நான்கும் வந்தது கார்த்திகையில்தான். "மழை வந்தா ஷெட் போட்டுடலாம் சார்" என்றார் அங்கிருந்தவர். காட்டிய ஷெட்டில் 120 நாற்காலிக்கு மேல் போட முடியாது.

இன்னொன்றை அவர்கள் சொல்லவே மாட்டார்கள். இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. நான்கு சுவருக்குள் மூடிய ஹாலுக்கு அதில் விலக்கு உண்டு, திறந்த வெளிக்கு இல்லை. எட்டரைக்கு மேடையேறுகிற நம் வழக்கத்துக்கு, பாட்டுக் கச்சேரி சூடு பிடிக்கும்போது வயரைப் பிடுங்க வேண்டியிருக்கும். ஈசிஆரில் ரயிலும் கிடையாது, மெட்ரோவும் கிடையாது. ராத்திரி அங்கிருந்து ஊரின் மறுகோடியில் இருக்கும் ஆவடிக்கு ஆட்டோ பேசிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

கடைசியில் அக்கா சொன்ன மண்டபத்தையே பிடித்தோம். ஆனால் அப்படியே இல்லை. முதல் பேச்சிலேயே மூன்று விஷயத்தை ரசீதில் எழுதி வாங்கினேன்: ஏசியோடு ஜெனரேட்டர், கரண்ட் யூனிட் விலை, நாங்களே கொண்டுவரும் சமையல்காரர். சமையல்காரரிடம் பேசி, பந்தி ஹாலுக்கு வெளியே முற்றத்தில் தகரக் கூரைக்குக் கீழே ஒரு சின்ன பஃபே வைக்கிறோம், 60 நாற்காலியோடு. ஆபீஸ்காரர்களும் அவசரக்காரர்களும் அங்கே சாப்பிட்டுக் கிளம்பிவிடுவார்கள்; இலை வேண்டுகிறவர்களுக்கு உள்ளே இலை. ஐந்து பந்தி மூன்றரையாகக் குறையும் என்பது என் கணக்கு.

அத்தான் இன்னும் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார். பெண்ணுக்கு, தை பிறந்ததும் அதே ஈசிஆரில் ஒரு சாயங்காலம் போட்டோ எடுத்துக்கொள்ளலாம் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். அந்தச் செலவும் தாய்மாமனுடையதாம்.